கடையில் கிடையாத சரக்கு

நம் சங்க நூலகத்தின் பின்னறையில் நான்கு கணிப்பொறிகள் இருப்பதை அன்பர்கள் அறிவர். 2016ஆம் ஆண்டில் உறுப்பினர்களின் நன்கொடையைக் கொண்டு வாங்கப்பெற்றவை அவை. நம் காலனிக் குழந்தைகள் தமிழ்த் தட்டெழுத்துப் பழகியதும், கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பியதும், பணி ஓய்வு பெற்ற பெரியோர் தம் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துக்கொண்டதும் அவற்றிலேதான். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அவற்றினுள் இருக்கும் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தின் பராமரிப்பை அதன் உரிமையாளராகிய மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் முடித்துக்கொண்டனர். வேண்டுவோர்க்கு ஓராண்டுத் தவணை அளித்தனர், அவ்வளவே. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐ ஏற்க நம் இயந்திரங்களுக்குத் தகுதி இல்லையாம். காப்புச் சில்லு ஒன்றும், ஏறத்தாழ 2017க்குப் பின் வெளிவந்த செயலியும் அதற்கு வேண்டும். விசைப்பலகைகளில் நான்கைந்து எழுத்துகள் தேய்ந்துபோனமையன்றி நம் பொறிகளில் யாதொரு பழுதும் இல்லை. ஆயினும் அவை கழிவுப் பொருள்கள் என்று எங்கோ தீர்ப்பாகிவிட்டது.

இதனைப் பற்றிச் செயற்குழுவில் பேச்செழுந்தது. பழையனவற்றை விற்றுவிட்டுப் புதியன நான்கு வாங்கலாம் என்றனர் சிலர். அதற்குரிய தொகை நம் பொங்கல் விழாச் செலவையும் நூலகத்தின் ஈராண்டு இதழ்ச் சந்தாவையும் விழுங்கிவிடும் என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். அவ்வமயம் நாம் எழுந்து, ‘லினக்ஸ் என்றொரு இயங்குதளம் உண்டு, விலையில்லை, பழைய பொறிகளிலும் ஓடும்’ என்று கூறினோம். உடனே மூத்த உறுப்பினர் ஒருவர், ‘அப்படி நல்ல சரக்காயிருந்தால் கடையில் ஏன் ஐயா கிடைக்கவில்லை?’ என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா நம்மை விடவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தராய்ப் புகுந்தவர் நாம். கணிப்பொறி அறிஞர் அல்லோம். எனினும் இருபதாண்டுகளாக அந்தச் சரக்கை வீட்டில் வைத்துப் புழங்கியவர் என்னும் உரிமையால், பெரியவரின் கேள்விக்கு விடையாக அதன் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இயங்குதளம் என்பது யாதெனின், கணிப்பொறிக்குள் அமர்ந்திருக்கும் நிலைய அதிகாரி எனலாம். எந்த வண்டி எந்த மேடைக்கு வருவது, எதனை வெளியே நிறுத்திவைப்பது, எவருக்கு முதலில் வழி விடுவது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. பயணிகள் அவர் முகத்தைக் கண்டதில்லை. ஆனால் அவர் இன்றி ஒரு வண்டியும் நகராது. கடிதம் எழுதும் மென்பொருளும், படம் காட்டும் மென்பொருளும், இணையத்தில் உலவும் மென்பொருளும் அவர் கொடிக்குக் கட்டுப்பட்ட வண்டிகளே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அவ்வாய்வகம் அந்நாட்டுத் தொலைபேசிப் பெருநிறுவனத்தைச் சார்ந்தது. தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வாணிகத்தில் இறங்குவதில்லை என்று அந்நிறுவனம் 1956ஆம் ஆண்டில் அரசாங்கத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. ஆகையால் யூனிக்ஸை விற்றுப் பொருள் ஈட்ட அதற்கு வழியில்லை. சிறு தொகை பெற்றுக்கொண்டு, மூலநிரல் உட்படப் பல்கலைக்கழகங்களுக்கு அதனைக் கொடுத்தது. மாணவர் அதனைப் படித்தனர். பிழை கண்ட இடத்துத் திருத்தினர். திருத்தியதைப் பிறருக்கு அனுப்பினர். பின்னர் 1984இல் அப்பெருநிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டபொழுது பழைய தடை நீங்கியது. யூனிக்ஸ் விலையுயர்ந்த சரக்காயிற்று. வாணிகத் தடை ஒன்றினால் தற்செயலாக வாய்த்த பொதுமை அது. தடை போயிற்று, பொதுமையும் போயிற்று.

இதற்கிடையில் சிறு கணிப்பொறிகள் தோன்றின. 1976ஆம் ஆண்டில் பில் கேட்ஸ் என்னும் இருபது வயது இளைஞர், பொழுதுபோக்காகக் கணிப்பொறி வைத்திருந்தோரை நோக்கி ஒரு திறந்த மடல் வெளியிட்டார். தாமும் தம் நண்பரும் உழைத்து எழுதிய நிரலை விலை கொடாமல் படியெடுத்துக்கொள்வது களவு என்பது அம்மடலின் சாரம். அவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறமாட்டோம். உழைத்தவன் கூலி கேட்பது குற்றமன்று. ஆனால் கூலி கேட்பது வேறு. உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்க்கக் கூடாதென்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றேபோல் ஆகிவிட்ட காலம் அங்கிருந்து தொடங்கிற்று.

இரண்டாவதை ஏற்க மறுத்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் அவர் பணி செய்துவந்தார். அங்கே இருந்த அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டால் அச்செய்தி அவரவர் திரைக்கு வரும்படி அவர் முன்பு ஒரு திருத்தம் செய்துவைத்திருந்தார். 1980ஆம் ஆண்டையொட்டிப் புதிய அச்சுப்பொறி ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதற்கும் அவ்வாறே செய்ய முயன்றால், மூலநிரல் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் சென்று கேட்டார். ‘எவருக்கும் தருவதில்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன்’ என்று அவர் மறுத்துவிட்டார். காகிதம் சிக்கிய கதை அற்பமாகத் தோன்றலாம். அலுவலகத்தில் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டியவர் எவரும் அதனை அற்பம் என்னார்.

1983 செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டால்மன் தம் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போலவே இயங்குவதும், ஆனால் எவர் வேண்டுமாயினும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் கூடியதுமான ஓர் இயங்குதளத்தை முதலிலிருந்து எழுதுவது என்பதே அது. ‘குனூ’ என்று அதற்குப் பெயரிட்டார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வகுத்தார். அவ்வுரிமத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. பதிப்புரிமைச் சட்டம் படியெடுப்பதைத் தடுப்பதற்கு ஏற்பட்டது. அவர் அச்சட்டத்தையே கருவியாக்கி, ‘இதனைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் இதே உரிமையோடு பிறருக்குத் தருதல் வேண்டும்’ என்று விதித்துவிட்டார். பொதுக் கிணற்றை ஆழப்படுத்தியவன் அதற்குப் பூட்டுப் போட இயலாது என்பது போன்றது இது.

1990ஆம் ஆண்டளவில் குனூ திட்டத்தினர் பெரும்பகுதியை எழுதி முடித்துவிட்டனர். ஆனால் நடுநாயகமாகிய கரு மட்டும் அமையவில்லை. அது பின்லாந்திலிருந்து வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இன் தொடக்கத்தில் தவணை முறையில் ஒரு கணிப்பொறி வாங்கினார். (தவணையில் பொருள் வாங்கிப் பழகிய நம்மனோர்க்கு இச்செய்தி இனிப்பதாக.) அதற்கு ஏற்ற இயங்குதளத்தைத் தாமே எழுதத் தொடங்கி, அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் கணிப்பொறி வலையில் அதனை அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்னும் பொருள்பட அவர் எழுதினார். அடுத்த ஆண்டு ஸ்டால்மனின் பொது உரிமத்தின் கீழ் அதனை அவர் வெளியிட்டார். அக்கருவும் குனூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்ததே நாம் லினக்ஸ் என்று வழங்கும் முழு இயங்குதளம். ஸ்டால்மன் ‘குனூ லினக்ஸ்’ என்றே கூற வேண்டும் என்பார். நியாயந்தான், ஆனால் ஊர் வாய் குறுக்கிவிட்டது.

1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய தொகுப்புகள் தோன்றின. ஆயினும் அவை யாருக்காக? அறிந்தோர்க்காக. இருபதுக்கு மேற்பட்ட நெகிழ்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி அதனை நிறுவ வேண்டும். திரையின் அலைவெண்ணைக் கையால் எழுத வேண்டும். தவறினால் திரைக்கே கேடு விளையலாம் என்று குறிப்புகளில் எச்சரிக்கை இருக்கும். இத்தகைய பொருளைக் குடும்பத்தார் கையில் கொடுப்பது, வண்டி ஓட்டிப் பார் என்று பயணியிடம் எஞ்சினை ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். நம் நாட்டில் பி.சி. குவெஸ்ட் என்னும் திங்களிதழ் 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் குறுந்தட்டுகளை இதழோடு சேர்த்து வழங்கிற்று. அதனால் ஆர்வலர் பலர் தோன்றினர். வீடுகளுக்குள் அது புகவில்லை.

இக்குறையை முதலில் முறையாக உணர்ந்தவர் மத்தியாஸ் எட்ரிக் என்னும் ஜெர்மானிய மாணவர். லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தோற்றத்தில், ஒவ்வொரு முறையில் இயங்குவதைக் கண்டு, சாதாரண மக்களுக்கு ஏற்ற ஒரே சீரான மேசைத்தளம் வேண்டும் என்று 1996 அக்டோபரில் அவர் அழைப்பு விடுத்தார். அதன் விளைவு கே.டி.இ. எனப்படும் மேசைத்தளம், 1998இல் அதன் முதற்பதிப்பு வந்தது. ஆனால் அதற்கு அடிப்படையாகக் கொண்ட ஒரு நார்வே நிறுவனத்துக் கருவி அப்பொழுது முற்றிலும் கட்டற்றதாய் இல்லை. ஆகவே மெக்சிகோ நாட்டவராகிய மிகேல் தெ இகாசாவும் நண்பரும் 1997இல் குனோம் என்ற வேறொரு மேசைத்தளத்தைத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் அக்கருவி பொது உரிமத்தின் கீழ் வந்துவிட்டது. எனினும் இரண்டு மேசைத்தளங்களும் நிலைத்துவிட்டன. கொள்கை வேறுபாட்டால் குடும்பம் பிரிவதும், காரணம் நீங்கிய பின்னும் அடுப்பு இரண்டாகவே இருப்பதும் நாம் அறியாததன்று.

நிற்க. பெரியவரின் வினாவுக்குரிய நேர் விடை இங்கேதான் இருக்கிறது. பொருள் பக்குவப்படுவதற்கு முன்பே கடைவீதி ஒருவர் கைக்குப் போய்விட்டது.

1980களின் இறுதியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் கணிப்பொறி உற்பத்தியாளர் பலரோடு ஒரு வகை ஒப்பந்தம் வைத்திருந்தனர். அதன்படி, விற்கும் பொறிக்குள் எந்த இயங்குதளம் இருப்பினும், பொறி ஒன்றுக்கு இன்ன தொகை என்று உற்பத்தியாளர் அவர்களுக்குச் செலுத்த வேண்டும். அங்ஙனமாயின், வேறொருவரின் இயங்குதளத்தை வைத்து விற்பவன் இரண்டு விலை கொடுத்தவன் ஆவான். விலையே இல்லாத பொருளை வைத்தாலும் அவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. 1994ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் நீதித்துறை தலையிட்டு இம்முறையை நிறுத்தும்படி உடன்படிக்கை செய்வித்தது. அடுத்த ஆண்டே விண்டோஸ் 95 வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. 1998இல் மீண்டும் வழக்கு. 1999 நவம்பரில் அந்நிறுவனம் ஏகபோக ஆற்றல் உடையதென்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் கண்டறிந்தார். மக்கள் எந்த இயங்குதளத்தில் மென்பொருள் மிகுதியோ அதனை நாடுகின்றனர், மென்பொருள் எழுதுவோரோ எதில் மக்கள் மிகுதியோ அதற்கே எழுதுகின்றனர், இந்த மதிலைப் புதியவர் எவரும் தாண்டல் அரிது என்று அவர் விளக்கியதே நம் கருத்தில் அவ்வழக்கின் மிகச் சிறந்த பகுதி.

அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் நடந்த ஒரு வேடிக்கையையும் கூறிவிடுவோம். விண்டோஸ் உரிமப் பத்திரத்தில், ‘இந்நிபந்தனைகளை ஏற்காதவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம்’ என்று ஒரு வாசகம் இருந்தது. அதனை ஊன்றிப் படித்த லினக்ஸ் அன்பர்கள் கலிபோர்னியாவில் அந்நிறுவனத்தின் அலுவலகத்திற்கு அணிவகுத்துச் சென்று, தாம் பயன்படுத்தாத விண்டோஸுக்குரிய பணத்தைத் திருப்பிக் கேட்டனர். பணம் கைக்கு வரவில்லை. ஆனால் கணிப்பொறி வாங்குபவர் தாம் கேளாத ஒன்றுக்கும் விலை கொடுத்துவருகிறார் என்னும் உண்மை அன்று ஊரறிய வெளிப்பட்டது.

லினக்ஸைப் பொதுமக்களின் வாயில்வரை கொண்டுவந்தவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின் மார்க் ஷட்டில்வொர்த்தைச் சுட்டலாம். தென்னாப்பிரிக்கர். தம் நிறுவனத்தை 1999இல் பெரும்பொருளுக்கு விற்று, 2002இல் உருசிய விண்கலத்தில் விண்வெளிக்கும் சென்று மீண்டவர். 2004 அக்டோபர் 20ஆம் நாள் அவர் ‘உபுண்டு’ என்னும் லினக்ஸ் பதிப்பை வெளியிட்டார். அந்நாட்டு மக்கள் மொழிகளில் அச்சொல்லுக்கு மனிதத்தன்மை என்று பொருள். அத்திட்டத்தின் குறைப்பட்டியலில் முதற்குறையாக அவர் பதிந்தது, சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது என்பதையே! அன்றியும், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வசதியில்லாதோர் முகவரியைக் குறித்து அனுப்பினால் அஞ்சல் செலவுகூட இன்றிக் குறுந்தட்டு வீடு தேடி வரும் என்று ஏற்பாடு செய்தார். 2011 வரை அவ்வேற்பாடு இருந்தது.

2006ஆம் ஆண்டில் நாம் இந்நாகபுரிக்கு மாற்றலாகி வந்த புதிதில் அத்தட்டுக்கு எழுதிப்போட்டோம். சில வாரங்களில் வெளிநாட்டு முத்திரையோடு ஓர் உறை வந்தது. அஞ்சற்காரர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏதாவது தர வேண்டுமா?’ என்று எதிர்பார்ப்போடு நின்றது இன்றும் நினைவில் உள்ளது. தட்டைப் பொறியில் இட்டதும், எதனையும் நிறுவாமலே இயங்குதளம் முழுவதும் திரையில் தோன்றிற்று. வியந்தோம். வியப்பின் மிகுதியில், நிறுவுக என்பதை அழுத்தி, இடையில் வந்த எச்சரிக்கையைப் படியாமலே மேலும் அழுத்தினோம். வன்தட்டு முழுவதும் துடைக்கப்பட்டது. நம் தங்கையின் திருமணப் படங்கள் அதிலிருந்தன. வேறு படியில்லை. நம் இல்லாள் மூன்று நாள் பேசவில்லை. தங்கை இன்றும் அதனை எடுத்துக்காட்டுவதுண்டு. குற்றம் தட்டினுடையதன்று. ஆனால் ‘சாதாரண மக்களுக்கானது’ என்று கூறப்பட்ட பொருளில், சாதாரண மனிதன் ஒருவன் ஐந்து நிமிடத்தில் தன் வீட்டு நினைவுகளை அழித்துவிட முடிந்தது என்பதையும் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும். பொறியினுள் இருந்த மோடமும் லினக்ஸை ஏற்கவில்லை. ஆறு மாதம் இணையமின்றியே ஓட்டினோம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நம் கோட்டத்தில் நீண்ட நாள் பணியாற்றியவர்கள், 2015 வரை ஓடிய சிந்த்வாரா குறும்பாதையை மறந்திருக்கமாட்டார்கள். பாதையின் அகலம் மாறும் இடத்தில் சரக்கு முழுவதையும் இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும்; இறக்கி ஏற்றுகையில் சிலது உடையும், சிலது காணாமற்போகும். கணிப்பொறிக் கோப்புகளின் நிலை அதுவே. வேர்டு என்னும் மென்பொருளில் எழுதிய கடிதத்தை லினக்ஸில் திறந்தால் அட்டவணைகள் சிதறும். எழுத்துகள் இடம் பெயரும். 2000ஆம் ஆண்டில் சன் நிறுவனம் தன் அலுவலக மென்பொருளின் மூலநிரலை வெளியிட, அதிலிருந்து ஓப்பன் ஆபீஸும், 2010இல் அதினின்றும் கிளைத்த லிப்ரே ஆபீஸும் வந்தன. அவற்றுக்குரிய திறந்த கோப்பு வடிவம் 2006இல் உலகத் தர நிறுவனத்தின் ஏற்பையும் பெற்றது. எல்லார்க்கும் பொதுவான அகலப்பாதை அதுவே. எனினும் நம் அலுவலகச் சுற்றறிக்கைகளும் பள்ளி அறிவிப்புகளும் பழைய பாதையிலேதான் இன்னும் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கின்றன.

கடைவீதியில் லினக்ஸ் ஒருமுறை வந்து போனதும் உண்டு. 2007இன் இறுதியில் ஏசுஸ் நிறுவனத்தார் கைப்புத்தகம் போன்ற சிறு மடிக்கணினி ஒன்றை லினக்ஸோடு, மலிவான விலைக்கு விற்றனர். அது நன்றாகவே விலைபோயிற்று. விண்டோஸ் விஸ்டா அச்சிறு பொறியில் ஓடாதாகையால், ஓய்வு கொடுக்க இருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுளை இத்தகைய பொறிகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது. ஓரிரு ஆண்டுகளில் அவ்வகைப் பொறிகள் பெரும்பாலும் விண்டோஸோடே வரலாயின. விலையில்லாப் பொருளோடு போட்டியிட விலையைக் குறைப்பது ஒருவகையில் மக்களுக்கு நன்மையே. ஆயினும் கடையிலிருந்து லினக்ஸ் மறுபடியும் மறைந்தது.

ஆகவே, கடைவழி அடைபட்ட இப்பொருள் எங்கேனும் வேர் கொண்டதா என்று தேடினால், யாராவது பக்கத்தில் நின்று கற்பித்த இடங்களிலேதான் அதனைக் காண்கிறோம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரைக் கண்டு சலுகைகள் கூறியும் நகராட்சி அசையவில்லை. பத்தாண்டு உழைத்து 2013இல் ஏறத்தாழ 15,000 பொறிகளை மாற்றினர். ஆனால் அடுத்து வந்த மேயர் காலத்தில் குறைகள் பெரிதாகப் பேசப்பட்டு, 2017இல் விண்டோஸுக்கே மீள்வதென்று தீர்மானமாயிற்று. பிரான்சின் காவற்படையினர் வேறு முறையைக் கையாண்டனர். முதலில் அலுவலக மென்பொருளை மாற்றினர். பின் இணைய உலாவியை. கை பழகிய பின்னர் 2008 முதல் அடியிலிருந்த இயங்குதளத்தை மாற்றினர். மேலே பழகிய வண்டிகளே ஓடியதால் கீழே தண்டவாளம் மாறியதைப் பலரும் பொருட்படுத்தவில்லை. அவர்கள் இன்றும் லினக்ஸிலேயே இருக்கின்றனர்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று நம் அண்டை மாநிலத்தார் கேரளர். 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தின் வழியே, ஆசிரியர்க்கு முதலில் பயிற்சி அளித்து, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கே கொண்டுவந்துவிட்டனர். பள்ளிதோறும் பொறுப்பாசிரியர் ஒருவர். 2018 முதல் மாணவர்களே அங்கம் வகிக்கும் குழுக்கள். அங்கே ஒரு பொறி நின்றுபோனால் கடைக்காரரைத் தேட வேண்டுவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி வந்து சரிசெய்துவிடக்கூடும். தமிழகத்தில் 2007இல் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாற முனைந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. இரண்டு இயங்குதளம் கையில் கிடைத்த மாணவர் எதனைத் திறந்திருப்பர் என்று ஊகிக்க அறிவு மிகுதியும் வேண்டுவதில்லை. தட்டு கொடுத்தனர், பக்கத்தில் நிற்க ஆள் கொடுத்திலர்.

தமிழின் பொருட்டும் இப்பொருளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் கணிப்பொறிக் கடிதங்கள் இங்கே திறந்தால் வெறும் கோடும் புள்ளியுமாய்த் தெரிந்த காலத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடு அன்று. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில், விற்பனைக் கணக்கு ஏதும் பாராமல், கே.டி.இ., குனோம் மேசைத்தளங்களின் சொற்களையெல்லாம் தமிழில் பெயர்த்தவர்கள் தமிழகத்திலும் கடல்கடந்தும் வாழ்ந்த தன்னார்வத் தமிழர்கள். அவர்கள் எவரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; மூலநிரல் திறந்திருந்தது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் மராத்தியும் எழுதி, தமிழெழுத்தை ஞாயிறுதோறும் சங்கத்தில் மட்டும் காண்பவர்கள். ‘கோப்பு’, ‘திருத்து’, ‘சேமி’ என்று ஒரு பொறி தமிழில் பேசக் காணும்பொழுது அவர்கள் முகத்தில் தோன்றும் குறுநகைக்கு நாம் விலை மதிப்பதாயில்லை.

லினக்ஸார்மீது நமக்குக் குறையும் உண்டு. நன்றாக இருக்கும் வீட்டை இடித்துக் கட்டும் ஆசை அவர்களை விடுவதில்லை. 2011இல் குனோமும் உபுண்டுவும் மேசைத்தளத்தின் தோற்றத்தையே மாற்றிவிட, நம் தகப்பனார் ஒருநாள் காலையில் பொறியைத் திறந்து, ‘என் பெட்டியெல்லாம் எங்கே போயிற்று?’ என்று கேட்டார். பழைய முறையையே விரும்பியோர்க்கு, 2006 முதல் வெளிவந்துகொண்டிருந்த ‘மின்ட்’ என்னும் பதிப்பு புகலிடமாயிற்று. நாமும் அதற்கே குடிபெயர்ந்தோம். பதிப்புகளோ நூற்றுக்கணக்கில் உள. எதனைத் தெரிவது என்றறியாமல் புதியவர் திகைக்கின்றனர். கணக்கு எழுதும் சில வணிக மென்பொருள்களும், பொறியியல் வரைபட மென்பொருள்களும் லினக்ஸில் நேராக ஓடா. அத்தொழிலில் இருப்பவரை இதற்கு இழுப்பது தீங்கென்றே கூறுவோம்.

உலகில் நூறு மேசைக் கணிப்பொறிகளுக்கு நான்கில் லினக்ஸ் இருப்பதாக ஸ்டாட்கவுன்டர் கணிப்பு முதன்முறையாகக் காட்டியது 2024 பிப்ரவரியில். அக்கருவை 1991இல் அறிவித்ததிலிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஆனால் 2017 நவம்பர் முதல் உலகின் தலையாய 500 மீக்கணினிகள் அனைத்திலும் அதுவே இயங்குகிறது. அன்பர்களின் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே. ஷட்டில்வொர்த் தம் முதற்குறையை 2013இல் தீர்ந்ததாக முடித்து எழுதினார். மேசையில் வென்றுவிட்டோம் என்பதனாலன்று. கைப்பேசிகள் வந்து மேசையின் தலைமையே போய்விட்டது என்பதனால். பெரியவரே, தாங்கள் நாள்தோறும் பேரனோடு முகம் பார்த்துப் பேசும் அக்கைப்பேசிக்குள் இருப்பது எதுவென்று இப்பொழுது தெரிந்திருக்கும். கடையில்தான் வாங்கினீர்கள், பெயர் மட்டும் கூறி விற்கவில்லை.

செயற்குழுவின் இசைவு பெற்று, நூலகத்தின் நான்கு பொறிகளில் சன்னலோரம் உள்ளதில் மட்டும் மின்ட் பதிப்பைச் சென்ற திங்கள் நிறுவியுள்ளோம். இம்முறை எச்சரிக்கையை இருமுறை படித்தோம். கோப்புகளையெல்லாம் முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைத்தோம். அச்சுப்பொறி உடனே இயங்கிற்று. வருடி இன்னும் இயங்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்99 விசைப்பலகை அமைக்கப்பட்டுள்ளது. மற்ற மூன்று பொறிகளைப் பற்றி விழாவுக்குப் பின் வரும் கூட்டத்தில் முடிவாகும். அதுவரை சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை நாம் அங்கே இருப்போம். சென்ற சனியன்று அப்பெரியவர் வந்தார். அரைமணி நேரம் அமர்ந்து தம் தமையனாருக்குத் தமிழில் ஒரு கடிதம் தட்டெழுதி அச்சிட்டுக்கொண்டார். எழுந்து செல்கையில், எழுத்தளவு சற்றுச் சிறிதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கி வைத்திருக்கிறோம்.